தொண்டையில் என்னமோ

குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மூன்றாவது நாளாக மனைவியின் குரல் வந்தது. "ஹ்ஹ... அஃ... க்ஹா!" தண்ணீர் விழும் சத்தமே இல்லை.

கடிகாரம் பழுது பார்ப்பவரான கணவருக்குக் காது கூர்மை. டிக் டிக்கைக் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்ந்தது என்று சொல்லிவிடுவார். இது தேய்மானச் சத்தமேதான்!

"தொண்டையில என்ன?"

"ஒண்ணுமில்லையே." வெளியே வந்தவள் கைக்கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

ஒன்றுமில்லாதவளுக்குக் கண்ணாடி எதற்கு? ஏதோ பெரிய வியாதி, மறைக்கிறாள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று மாலை வீட்டில் அவர் முன்னால் நின்று ஓதித் தொழவைத்தபோது பின்னால் நின்றவளிடமிருந்து பெருமூச்சு ஒன்று வந்தது. சரிதான், மூச்சும் வாங்குகிறது!

தேன் வாங்கிக் கொடுத்தார். சத்தம் இன்னும் பலமானது. டாக்டரிடம் ஓடினார்.

"பேஷன்ட் எங்கே?"

"வரமாட்டா டாக்டர். சத்தத்தை மட்டும் கொண்டு வந்திருக்கேன்." கரகரவென்று எடுத்துவிட்டார்.

டாக்டர் டார்ச் அடித்து அவர் வாயைத்தான் பார்த்தார். "இப்படியேவா வருது? சரியாச் செஞ்சு காட்டினாத்தானே சொல்ல முடியும்?"

அன்றிலிருந்து கதவில் காதை வைப்பதும், கடையில் உட்கார்ந்து சாதகம் செய்வதுமாகப் பொழுது போனது. வாடிக்கையாளர்கள் கடிகாரத்தை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி நழுவினார்கள்.

ஞாயிறு மதியம் மனைவி சொல்லாமல் கிளம்பினாள். பின்தொடர்ந்தார். இரண்டு தெரு தள்ளி, திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் அவள் யாரோ ஒரு பெண்மணி முன்னால் வாயைப் பிளந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா!" வாசலிலேயே அவருக்கு அழுகை முட்டியது. "எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிடுங்க. இவளுக்கு இப்படித்தான் சத்தம் வருது..." என்று அந்த மூன்று சத்தத்தையும் அடித்தொண்டையிலிருந்து வரிசையாக எழுப்பினார்.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்மணி டாக்டர் இல்லை. பெண்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் ஆலிமா. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"மாஷா அல்லாஹ்! மூணு எழுத்தும் சுத்தமா வருதே! 'முப்பது வருஷமா என் வீட்டுக்காரர் அரபு எழுத்தைத் தப்பா ஓதுறார், சொன்னா கோபம் வரும்'னு அழுதீங்களே, அவர் காதுல விழற மாதிரி கதவைச் சாத்திட்டு அந்த எழுத்துகளைச் சொல்லிப் பழகுங்கன்னு நான் சொன்னது பலிச்சிடுச்சு பாருங்க!"