திரியானாக்காரன் காட்டிய கோபுரம்

"மாப்பிள்ளை, இந்த ஆரஞ்சு மரத்தை நான் மறுபடி மறுபடி பாத்துட்டிருக்கேன்" என்றாள் தோன்யா எலாதியா.

"செவியா முழுக்க ஆரஞ்சு மரம்தான் அத்தை" என்றான் எவாரிஸ்தோ, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.

"மரம் சரி. அடியில உக்காந்து பேப்பர் படிக்கிற அதே கிழவரும் ஊர் முழுக்க இருக்காரோ?"

கிழவர் நிமிர்ந்து பார்த்து, பழகிய ஆளுக்குக் காட்டுவதுபோலக் கையாட்டினார்.

எவாரிஸ்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் அவன்தானே! வந்த நாள் முதல் மாமியார் ஒரே பாட்டுப் பாடினாள்: "என் மகளைக் கூட்டிட்டு பூர்கோஸுக்கே வந்துடுங்க. மாமாவோட தொத்திறைச்சிக் கடையைப் பாத்துக்கலாம்." தொத்திறைச்சி அவனுக்குப் பிடிக்கும். கடையும் மாமனாரும் வட ஸ்பெயினின் அந்தப் பூர்கோஸ் குளிரும்தான் பிடிக்காது.

"இந்த ஊரை விட்டா? கண்ணைக் கட்டி விட்டாலும் மூலை முடுக்கெல்லாம் சுத்திக் காட்டுவேன் அத்தை!" என்று நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் மார்தட்டினான்.

"காட்டுங்க பாப்போம். போனைத் தொடாம ஹிரால்டா கோபுரத்து உச்சிக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க, பூர்கோஸ் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லையா, மூட்டை கட்டுங்க."

விஷயம் என்னவென்றால், அவன் திரியானாக்காரன். ஆற்றுக்கு அந்தக் கரை. திரியானாவில் பிறந்தவன் பாலத்தைத் தாண்டும்போது, ஏதோ வெளியூர் போவதுபோல "செவியாவுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு போவான். கோபுரமெல்லாம் சுற்றுலா வருகிறவர்கள் ஏறுவதற்கு, நமக்கெதற்கு என்பது அவர்கள் கட்சி. இப்போது கூரைகளுக்கு மேலே கோபுரம் ஜம்மென்று தெரிந்தது. வழிதான் தெரியவில்லை.

"உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்" என்று மனைவி நியேவெஸ் காதைக் கடித்தாள்.

சொல்வானா? சட்டென்று ஒரு பழைய கதவைக் காட்டினான். "பாருங்க அத்தை! அந்தக் காலத்து ராணி குளிச்ச இடம். நூத்துக்கணக்கான வருஷமா திறக்கவே இல்லை."

கதவு திறந்தது. பனியனோடு ஒருவர் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ராணி குளிச்சாச்சா?" என்று மாமியார் அவரிடம் அன்பாக விசாரித்தாள்.

அப்போதுதான் கடவுளாகப் பார்த்து அனுப்பியதுபோல, சிவப்புக் குடையை உயர்த்திக்கொண்டு ஒரு கைடு பெண் வந்தாள். பின்னால் ஜெர்மன்காரர் கூட்டம். கோபுரத்துக்குத்தான் போகும்! எவாரிஸ்தோ மாமியாரை இழுத்துக்கொண்டு கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டான்.

"நமக்கு எதுக்கு மாப்பிள்ளை கைடு?"

"கைடா? நமக்கா? நான் பொறந்து வளர்ந்த ஊரு அத்தை!" என்று தெருவே கேட்கக் கத்தினான்.

சந்தி வந்தது. குடை நின்றது. இடப்பக்கம் லேசாகச் சாய்ந்ததோ இல்லையோ, "இடது பக்கம்!" என்று கையை நீட்டினான். குடையும் இடது பக்கம் போனது. அடுத்த சந்தியில் "நேரே!" என்றான். குடை நேரே போனது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

எதிரே அதே ஆரஞ்சு மரம். கிழவர் இந்தத் தடவை எழுந்து நாற்காலியை நீட்டினார்.

மாமியார் இடுப்பில் கையை வைத்தாள்.

"பாத்தீங்களா, கைடே கூட்டிட்டு வர்றாங்க!" என்றான் எவாரிஸ்தோ. "அவ்வளவு முக்கியமான மரம் அத்தை இது!"

ஜெர்மன்காரர்கள் மரத்தையும் கிழவரையும் படம் எடுத்துத் தள்ளினார்கள். மாமியாரும் போனால் போகிறதென்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

இனிமேல் குடைக்குக் காத்திருந்தால் கௌரவம் போய்விடும். குருட்டுத் தைரியத்தில் முந்திக்கொண்டு "வலது! அப்புறம் மறுபடி வலது!" என்றான். குடையும் வலது, மறுபடி வலது. சந்து முடிந்ததும் தலைக்கு மேலே ஹிரால்டா!

உள்ளே நுழையும்போது கடைசியாக ஒரு முறை நழுவப் பார்த்தான். "ஏகப்பட்ட படி அத்தை. உங்க முட்டி தாங்காது."

"படியா? அதெல்லாம் உச்சியில கொஞ்சம்தான்" என்றார் காவலாளி. "மத்ததெல்லாம் சரிவுப் பாதை. அந்தக் காலத்துல குதிரையிலயே ஏறுவாங்களாம்."

மாமியார் மெல்லத் திரும்பினாள்.

"உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் மறைச்சேன்!" என்றான் எவாரிஸ்தோ.

உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போனது. கீழே ஊர், ஆறு, அதற்கப்பால் திரியானா. தன் ஊர் இத்தனை அழகா என்று அவனே வாயைப் பிளந்தான். தோன்யா எலாதியா அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"ஜெயிச்சுட்டீங்க மாப்பிள்ளை. பூர்கோஸுக்கு நான் மட்டும் போறேன். உங்க மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

நியேவெஸ் சந்தோஷத்தில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது.

அப்போது கைடு பெண் மூச்சிரைக்க வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"கோடி புண்ணியம் சார்! இன்னிக்குத்தான் எனக்கு முதல் நாள் வேலை, இந்த ஊருக்கு நான் புதுசு. பொறந்து வளர்ந்த ஊருன்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சா, அதுலேர்ந்து நீங்க கை காட்டின பக்கமெல்லாம்தான் குடையைத் திருப்பினேன்!"