மிளகு மரத்தில் ஒரு டெலிபோன்

கொல்லிமலையில் சண்டை சச்சரவு குறைவாக இருப்பதற்கு அங்கே வீசும் காற்றுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் ஒரே ஒரு ஆள். பெயர் டவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கலாம். ஆனால் அவர் மனைவியே, "எங்கூட்டு டவரு இந்தப் பக்கம் வந்துச்சுங்களா?" என்றுதான் தேடிக்கொண்டு வருவார்.

கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. அதில் தேவனூர் நாட்டில் மிளகு பறிப்பது அவர் தொழில். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி உச்சி வரை படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, கணுக்களில் கால் வைத்து ஏறிப் பறிப்பார்கள். அந்தப் பக்கத்தில் தரையில் நின்றால் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. மர உச்சியில் உண்டு. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டவர் டவர். பறிப்பு இல்லாத மாதங்களில் அடுத்தவர் போனை மடியில் கட்டிக்கொண்டு மரமேறி, அவர்களுக்காக அவரே பேசி, பதிலைக் கீழே நிற்பவர்களுக்குக் கத்திச் சொல்வார்.

கத்திச் சொல்வார் என்றேனே தவிர, கேட்டதைச் சொல்வார் என்று சொல்லவில்லை.

நாங்கள் குடும்பத்தோடு மலைக்குப் போன முதல் நாளே சேலத்துக்காரர் ஒருவர் மரத்தடியில் நின்றிருந்தார். மனைவியிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு நண்பர்களோடு மலையேறி வந்த மகானுபாவர். டவர் போனைக் காதில் வைத்த மாத்திரத்தில் அந்தப் பக்கம் பொரிந்து தள்ளுவது எங்களுக்கே கேட்டது. வார்த்தைதான் புரியவில்லை. டவர் ரொம்ப நேரம் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டுக் கீழே குனிந்தார்.

"நல்லா இருக்கறாங்களாம். வளைவுல பாத்து மெதுவா எறங்கி வரச் சொன்னாங்க."

சேலத்துக்காரர் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தார். அங்கே என்ன நடந்ததோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்றை ஊரே சொல்லிச் சிரித்தது. பெரக்கரை நாட்டுப் பையனுக்கும் தேவனூர் நாட்டுப் பெண்ணுக்கும் கல்யாணம் பேசினார்கள். விருந்தை எந்த ஊரில் வைப்பது என்பதில் இழுபறி. எங்கள் ஊரில்தான் என்று இரண்டு பக்கமும் ஒற்றைக் காலில் நின்றார்கள். நடுவில் பேசியவர் டவர். "உங்க இஷ்டம்னு சொல்லிட்டாங்க" என்று இவர்களிடம் சொன்னார். அதையே அவர்களிடமும் சொன்னார். கல்யாணத்தன்று இரண்டு ஊரிலும் அண்டா அண்டாவாகச் சோறு வெந்திருந்தது. மலையே இங்கே பாதி வயிறும் அங்கே பாதி வயிறுமாகச் சாப்பிட்டது. அந்தத் தம்பதிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சம்பந்திகளுக்குள் இன்றுவரை ஒரு கடுஞ்சொல் கிடையாதாம்.

என் மகன் முகிலுக்கு எட்டு வயது. "ஸ்பீக்கர் போட்டா எல்லாருக்கும் கேக்குமே, டவர் மாமா" என்று யோசனை சொன்னான்.

டவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கேட்டுப்போடும் கண்ணு. அப்பறம் நான் எதுக்கு?"

நாங்கள் யார், அங்கே ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானும் மல்லிகாவும் வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, இந்த மலையில் ஓர் ஓட்டு வீட்டில் எட்டு மாதம் குடியிருந்தோம். மல்லிகாவின் ஊர் மலையடிவாரத்துச் சேந்தமங்கலம். அவள் அப்பாவுக்கு என் சாதி பிடிக்கவில்லை. என் சம்பளம் அதைவிடப் பிடிக்கவில்லை. பிறகு எனக்கு நெதர்லாந்தில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டோம். இரண்டு பிள்ளைகளும் அங்கே பிறந்தவர்கள். தட்டையான அந்த நாட்டில் பாலத்தைத் தவிர வேறு மேட்டையே பார்த்ததில்லை. மல்லிகா வருடத்துக்கு ஒருமுறை அப்பாவுக்குப் போன் செய்வாள். அவள் குரலைக் கேட்டதும் அவர் வைத்துவிடுவார்.

"நாம இருந்த ஊட்டப் புள்ளைங்களுக்குக் காட்டோணும்" என்று போன கோடையில் கிளப்பினாள். கார் சேந்தமங்கலத்தைத் தாண்டும் வரை அவள் தலையை நிமிர்த்தவில்லை. கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே வந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீடாவது ஒன்றாவது. அப்பா வீட்டுக்குப் போக முடியாது, அதற்கு மேலே இருக்கிற மலைக்காவது போகலாம் என்று வந்திருக்கிறாள்.

பிள்ளைகளுக்கு அந்த ஓட்டு வீட்டைக் காட்டினோம். உள்ளே இப்போது மரவள்ளிக் கிழங்கு மூட்டைகள்தான் குடித்தனம் செய்கின்றன. பன்னிரண்டு வயது யாழினி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பயந்து இங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். மல்லிகா மழுப்பாமல் சொல்லிவிட்டாள். அம்மாவைப் பெற்ற அப்புச்சி இதே மலைக்குக் கீழேதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் யாழினி நேராக டவரிடம் போய் நின்றாள்.

"எங்க அப்புச்சிக்குப் போன் போடுங்க. நாங்க வந்திருக்கோம், வாங்கன்னு சொல்லுங்க."

மல்லிகா தடுப்பாள் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. அவளே எண்ணை அழுத்தி, போனை டவர் கையில் கொடுத்தாள். அவர் ஏறினார். இவள் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். ஏணி ஆடாமல் இருக்க இவள் பிடித்தாளா, இவள் ஆடாமல் இருக்க ஏணியைப் பிடித்தாளா என்பது எனக்குத் தெரியவில்லை.

"ஏனுங்க, கொல்லிமலைலருந்து டவரு பேசறனுங்க. இல்லீங்க, கம்பெனி இல்லீங்க, ஆளுதானுங்க. உங்க பேத்தியும் பேரனும் கீழ நிக்கறாங்க. ஆமாங்க. அந்த அம்மணியும் நிக்குதுங்க."

அப்புறம் போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதுவுஞ் சரிங்க" என்றார். போனை மடியில் செருகிக்கொண்டு கீழே பார்த்தார்.

"நாளைக்கு மத்தியானம் வாராருங்களாம். நாட்டுக்கோழி அடிச்சு வெக்கச் சொன்னாருங்க."

பிள்ளைகள் குதித்தார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சேலத்துக்காரர் மனைவி பொரிந்து தள்ளியதையும் டவர் அதைச் சொன்ன விதத்தையும் இரண்டு காதாலும் கேட்டவன் நான். மல்லிகாவும்தான் பக்கத்தில் நின்றாள். டவரின் பதில் எப்படிப்பட்ட பதில் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் கோழி வாங்கினாள்.

மறுநாள் காலையிலிருந்தே நாங்கள் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டில் மசாலா வாசம். பிள்ளைகள் ரோட்டில் போய் நின்றுகொண்டார்கள். மத்தியானம் வந்தது. ஒரு பஸ் வந்தது, நிற்காமல் போனது. சோறு ஆறியது. "பசிச்சா நீங்க உண்ணுங்க" என்றாள் மல்லிகா, அடுப்பைப் பார்த்தபடியே. எனக்கு டவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பொய் சொல்லலாம், அதற்கு இவள்தானா கிடைத்தாள் என்று திட்டிக்கொண்டே அவரைத் தேடிக் கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்த பஸ் வந்து நின்றது. வெள்ளை வேட்டியும் கையில் மாம்பழப் பையுமாக என் மாமனார் இறங்கினார்.

வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. "எவன் அந்த டவரு?" என்றார்.

மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து டவர் மெதுவாக வெளியே வந்தார்.

"வர முடியாது, அவ மொகத்துல முழிக்க மாட்டேன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன். 'சரிங்க, கோழி அடிச்சு வெக்கச் சொல்றனுங்க'ன்னு வெச்சுப்போட்டான். திருப்பிக் கூப்புட்டா போவ மாட்டீங்குது."

"கீழ எறங்கிட்டா சிக்னல் இருக்காதுங்க" என்றார் டவர் பணிவாக.

மாமனார் எங்களிடம் நியாயம் கேட்டார். "கோழிய அடிச்சுப்போட்டு ஒருத்தி காத்துட்டு இருக்கறப்ப, மனுசன் எப்படிங்க வராம இருக்கறது?"

யாழினி அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். முகில், "அப்புச்சி, உள்ள வாங்க" என்றான். அவர் உட்கார்ந்தார். மல்லிகா பரிமாறினாள். நிமிராமல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்புப் பத்தல" என்றார்.

பதினான்கு வருடம் கழித்து அப்பா மகளிடம் பேசிய முதல் பேச்சு அது. உப்பு எடுக்க உள்ளே போன மல்லிகா வெளியே வர நேரமாயிற்று. அவர் உப்பு இல்லாமலே மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது டவரைத் தனியாகப் பிடித்தேன். "அன்னைக்கு எங்க மாமனார் வேற என்னெல்லாம் சொன்னாரு?"

"நெறையச் சொன்னாருங்க. எறங்கறப்ப எல்லாம் கை நழுவி வுழுந்துபோச்சுங்க" என்றார், சிரிக்காமல்.

இப்போது மாமனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வருகிறார். மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் கொஞ்சிக் குலாவிவிட்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டுப் பழைய பாக்கியையெல்லாம் சேர்த்துத் திட்டுகிறார். எங்கள் வீட்டில் சிக்னலுக்குக் குறைவில்லை, ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. அப்போதெல்லாம், டவரே, எங்களுக்கு நடுவில் நீங்கள் இல்லையே என்று மனசு உங்களைத்தான் தேடுகிறது.