முதல் மூன்று அத்தியாயம் மட்டும் அனுப்பவும்

என் நாவலை என் மனைவி வசுந்தரா படிக்கவே கூடாது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நானாக எடுத்த ஒரே சபதம் இது. மற்ற சபதங்களையெல்லாம் அவள் எடுப்பாள், நான் காப்பாற்றுவேன்.

காரணம் இருக்கிறது. நாவலின் பெயர் ‘வையையின் வாள்’. பாண்டியர் காலத்துக் கதை. தொள்ளாயிரத்து நாற்பது பக்கம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. விளக்குத்தூண் பக்கம் நான் வேலை பார்க்கும் பட்டுச்சேலைக் கடையில் அந்த மாதம் முழுக்க ஈ ஓட்டுவோம். அப்படி ஆறு மார்கழி ஈ ஓட்டியதில் எழுதி முடித்தது. கதாநாயகன் ராஜா வீரமாறன், ஆறடி உயரம், அகன்ற மார்பு. நான் ஐந்தடி மூன்று அங்குலம், அது கிடக்கட்டும். வில்லி வஜ்ரநாகினி. ராஜா எழுந்தால் கேள்வி, உட்கார்ந்தால் கேள்வி என்று அவனை வதைக்கும் ராணி. இடது புருவத்துக்கு மேலே மச்சம். கஜானா சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாள்.

வசுந்தராவுக்கும் இடது புருவத்துக்கு மேலே மச்சம் உண்டு. எங்கள் பீரோச் சாவி எங்கே இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நல்லவேளையாக அவளுக்குப் படிக்க நேரமில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்ரீவர்ஷினி போன தீபாவளிக்கு அவளுக்கு ஒரு டேப் வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து சமையல் முடிந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்குள் போய்விடுவாள்.

“என்ன பாக்குற?”

“சீரியல்.”

“சத்தமே வரலையே?”

“கீழ எழுத்து ஓடுதுங்க.”

நானும் நம்பினேன். ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் சௌராஷ்ட்ரக்காரர்கள், வீட்டில் பேசுவது எங்கள் பாஷை. சண்டை வந்தால் மட்டும் வசுந்தரா தமிழுக்கு மாறிவிடுவாள். செல்லூரில் எங்கள் சந்து முழுக்கப் புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணம். ஆகவே இந்தக் கதையில் வரும் பேச்செல்லாம் தமிழிலேயே நடந்தது என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை இல்லை.

சந்து முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மொக்கையன்தான் எனக்கு அச்சகம், தபால் நிலையம், அந்தரங்கச் செயலாளர் எல்லாம். அவன்தான் அந்தச் சேதியைச் சொன்னான்.

“அண்ணே, இப்பல்லாம் பதிப்பகத்துக்கு நேரா அனுப்புறதில்லையாம். நடுவுல ஏஜென்ட் இருக்காகளாம்.”

“என்ன ஏஜென்ட், வீடு பாக்கவா?”

“புக்குக்குண்ணே. கல்யாணப் புரோக்கர் மாதிரி. நம்ம புக்கு எந்தப் பதிப்பகத்துக்குப் பொருந்தும்னு பாத்து முடிச்சு வைப்பாக.”

சென்னையில் ‘முதற்பக்கம்’ என்று ஒரு நிறுவனம். அவர்கள் விதிமுறையை மொக்கையன் கம்ப்யூட்டரில் வாசித்துக் காட்டினான். முதல் மூன்று அத்தியாயம் மட்டும் அனுப்பவும். கதைச் சுருக்கம் ஒரே பக்கம். எழுதியவரைப் பற்றி ஐந்து வரி.

“மூணு அத்தியாயத்துல என்ன தெரியும்? மொத்தத்தையும் அனுப்பு மாப்ள.”

“மூணுன்னு போட்டுருக்காகண்ணே.”

“அது மத்த ஆளுகளுக்கு.”

சுருக்கம் பதினோரு பக்கம் வந்தது. மொக்கையன் எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி ஒரே பக்கத்தில் அடக்கினான். தூரத்திலிருந்து பார்த்தால் கருப்புக் காகிதம் மாதிரி இருந்தது. ஐந்து வரிக் குறிப்பை நானே எழுதினேன். புனைபெயர் கூடலரசன். தொழில் பேராசிரியர். பசுமலையில் தோட்டம் சூழ்ந்த மாளிகையில் வாசம். குதிரையேற்றம் கற்றவர். துணைவியாரே இவருடைய முதல் வாசகி. இது மூன்று பாக நாவலின் முதல் பாகம், மற்ற இரண்டும் தயார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. மொக்கையன் அச்செடுத்து, நாலாக மடித்து, காய்கறிப் பைக்குள் வைத்துக் கொடுத்தான்.

‘அன்புள்ள கூடலரசன், நாங்கள் கேட்டது மூன்று அத்தியாயம். பட்டுச்சேலைக் கடையில் வாடிக்கையாளர் உட்காரும் முன்பே அலமாரியைக் கவிழ்த்தால் அவர் எழுந்து போய்விடுவார். முதலில் விரிக்கும் மூன்று சேலையிலேயே மனசு நிற்க வேண்டும். உங்கள் நாவலின் முதல் பதினான்கு பக்கமும் ராஜாவின் வம்சாவளி. அது சேலை வந்த அட்டைப்பெட்டி. பெட்டியை யாரும் கட்டிக்கொள்வதில்லை. சுருக்கத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. தன்குறிப்பின் ஐந்து வரிகளில் நான்கு பொய். திருத்தி அனுப்பவும். இப்படிக்கு, வாசிப்பாளர், முதற்பக்கம்.’

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“மாப்ள, நான் சேலைக்கடைன்னு இவுகளுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“மெட்ராஸ்காரக அண்ணே. விசாரிச்சிருப்பாக.”

இன்னொரு ஆறுதலும் இருந்தது. நான் எழுதியது ஐந்து பொய். ஒன்று தப்பித்துவிட்டது. எது என்றுதான் தெரியவில்லை. பேராசிரியரையும் மாளிகையையும் குதிரையையும் அடித்துவிட்டு, சேலைக்கடை, செல்லூர், டவுன் பஸ் என்று உண்மையை எழுதினேன். துணைவியாரை அப்படியே விட்டேன். ‘மற்ற இரண்டு பாகமும் எழுதுவேன், இது சத்தியம்’ என்று முடித்தேன்.

சுருக்கம்தான் மசியவில்லை. சாப்பிடும்போது வசுந்தராவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“வசு, ஒரு கதையை ஒரே பக்கத்துல சொல்லணும்னா எப்படிச் சொல்லுவ?”

“எதுக்கு?”

“கடையில ஒரு பையன் கேட்டான்.”

“யாருக்கு என்ன வேணும், யாரு தடுக்குறா, கடைசியில கிடைச்சுச்சா. அம்புட்டுத்தான். அப்பளம் போடவா?”

அம்புட்டுத்தான். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ‘சுருக்கம் அபாரம், தேர்ந்த கை தெரிகிறது’ என்று வாசிப்பாளர் பாராட்டியிருந்தார். அதோடு இரண்டாம் அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டார்.

‘வீரமாறன் படைவீரர்களுக்கு முள்முருங்கை வடை சுட்டுத் தருகிறான். அரிசியை ஊறவைக்காமலே அரைக்கிறான். எழுதியவர் அடுப்படிப் பக்கம் போனதில்லை. பட்டு அறியாதவர் பட்டு விற்க முடியுமா? நாங்கள் தேடுவது அனுபவத்தின் உண்மை. ஒரு வாரம் சமைத்துப் பார்த்துவிட்டுத் திருத்தவும்.’

முள்முருங்கை வடை எங்கள் சௌராஷ்ட்ர வீடுகளில் குளிர்காலம் வந்தால் சுடுவது. சின்ன வயசிலிருந்து தின்றிருக்கிறேன். அரிசியை ஊறவைப்பார்கள் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. மறுநாள் காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தேன்.

“என்னங்க, காய்ச்சலா?” என்றாள் வசுந்தரா.

“ஒனக்கு ஓய்வு வேணாமா? ஒரு வாரத்துக்கு நான்தான் சமையல்.”

“நெசமாவா?”

“நெசமா.”

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டாள். முதல் நாள் மாவில் தண்ணீர் கூடிப்போய் வடை எண்ணெயில் கரைந்தது. இரண்டாம் நாள் இலையின் நரம்பை எடுக்காமல் அரைத்ததில் தொண்டையில் நார் சிக்கியது. ஐந்தாம் நாள் பச்சையாக, மெல்லிசாக, பூரி போல உப்பி ஒரு வடை வந்தது பாருங்கள், நான் அழுதுவிட்டேன். மிளகாய்ப் பொடி தூவி அவளிடம் நீட்டினேன்.

“உப்பு கம்மி,” என்று சொல்லிவிட்டு ஆறு தின்றாள்.

அத்தியாயம் தேறியது. அடுத்த கடிதத்தில் கோட்டையின் பண்டகசாலை வந்தது. ‘தூசு, எலிப்புழுக்கை, மறந்துபோன பொருள்கள், இவற்றை நேரில் கண்டவர் எழுதியதாக இல்லை.’ எங்கள் வீட்டுப் பரணை ஒழித்துத் தரச்சொல்லி வசுந்தரா பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒழித்தேன். என் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் கூஜா கிடைத்தது. பண்டகசாலைக் காட்சியும் பிரமாதமாக அமைந்தது.

அதற்கடுத்து, ‘ராஜா மாமியார் நாட்டுக்குப் போய் அரை நாளில் திரும்புகிறான். இப்படிப்பட்ட நாயகனை எந்த வாசகர் நேசிப்பார்? மூன்று நாளாவது தங்கவும்.’

ஷேர் ஆட்டோவில் இடுங்கிக்கொண்டு அவனியாபுரம் போனேன். மாமியார் செல்லத்தாய் வீட்டில் மூன்று நாள். என்னைப் பார்த்ததும் அவர் பயந்துபோய் மகளுக்குப் போன் போட்டார். “ஏண்டி, மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சா?”

மொக்கையனுக்கே சந்தேகம் தட்டிவிட்டது.

“அண்ணே, ஏஜென்ட்டுன்னா இம்புட்டு வேலை வாங்குவாகளா? அடுத்து பாத்திரம் வெளக்கச் சொல்லுவாக போல.”

“கலைன்னா தியாகம் வேணும் மாப்ள.”

அடுத்த கடிதத்தில் போர் முடிந்ததும் வீரமாறன் தன் கவசத்தைத் தானே கழுவ வேண்டும் என்று வந்தது. ஈயச்சட்டி, இட்லித் தட்டு, குக்கர் எல்லாம் கழுவிப் பயின்றேன். வசுந்தரா ஊஞ்சலில் இருந்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அம்புட்டுச் சிரிப்பு?”

“சீரியல்ங்க. ராஜா கதை. மொதல்ல இழு இழுன்னு இழுத்தான். இப்பத் திருந்திட்டான்.”

கடைசித் திருத்தம்தான் விவகாரமானது. ‘உங்கள் நாவலில் உயிரோடு இருப்பது வஜ்ரநாகினி மட்டும். மற்றவர்கள் வசனம் ஒப்பிக்கிறார்கள். அவள்தான் பேசுகிறாள். அவளை நாயகியாக்குங்கள். இதை மட்டும் செய்தால் நாவலை எடுத்துக்கொள்கிறோம்.’

எடுத்துக்கொள்கிறோம். ஆறு மார்கழி காத்திருந்த வார்த்தை. ஆனால் நாயகி என்றால் அட்டையில் படம் போடுவார்கள். மச்சத்தோடு போடுவார்கள். புத்தகம் கடைக்கு வரும், யாராவது வசுந்தராவிடம் காட்டுவார்கள், அப்புறம் நான் மொக்கையன் கடையில்தான் படுக்க வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். வேறு வழியில்லை, எழுதினேன்.

எழுதுவதற்காக அவளைக் கவனித்தேன். சாவியை ஏன் அரிசிப் பானையில் வைக்கிறாள்? நான் எங்கே வைத்தாலும் தொலைத்துவிடுவேன் என்பதால். ஏன் எல்லாவற்றையும் மூன்று முறை கேட்கிறாள்? முதல் இரண்டு முறை நான் பதில் சொல்வதில்லை என்பதால். கேள்வி கேட்க ஒருத்தி இல்லாவிட்டால் வீரமாறன் நாலாம் அத்தியாயத்திலேயே செத்திருப்பான். எழுதி முடித்தபோது எனக்கே வஜ்ரநாகினியை ரொம்பப் பிடித்துவிட்டது.

பதில் வந்தது. ‘ஏற்றுக்கொண்டோம். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு எங்கள் வாசிப்பாளர் ஒப்பந்தத்துடன் உங்கள் வீட்டுக்கு வருவார். வடை இருந்தால் நல்லது.’

வசுந்தராவை வெளியே அனுப்பியாக வேண்டும். பயந்துகொண்டே கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை நீ கோயிலுக்குப் போயிட்டு வாயேன். எம்புட்டு நாளாச்சு.”

“நானே சொல்லணும்னு இருந்தேன். பத்தரைக்கெல்லாம் போறேன்.”

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பெருக்கி, வடை சுட்டு, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்தேன். சரியாகப் பதினோரு மணிக்கு அழைப்புமணி. கதவைத் திறந்தேன். மாம்பழ மஞ்சள் பட்டுச்சேலை, மூக்குக்கண்ணாடி, கையில் ஃபைல். இடது புருவத்துக்கு மேலே மச்சம்.

“கூடலரசன் சார் வீடு இதுதானுங்களா?” என்றாள் வசுந்தரா.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவளே உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வடையை எடுத்துக்கொண்டாள்.

“முதற்பக்கம் நடத்துற தீப்தி நம்ம ஸ்ரீவர்ஷினி கூடப் படிச்ச பொண்ணு. வர்ற கதைகளை மொதல்ல படிச்சுச் சொல்ல ஆள் வேணும்னா. ஒரு வருஷமா நான்தான் படிக்கிறேன். ஒங்க கதை வந்தப்ப, இது எங்க வீட்டுக்காரர்னு சொல்லிட்டேன். அப்ப அவுகளைப் பத்தி ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், தயவு பாக்காம படிங்க, முடிவு நான் சொல்றேன்னுட்டா.”

“நான்னு எப்படித் தெரிஞ்சது?”

“பாண்டியன் அரண்மனையில வேற யாரு முள்முருங்கை வடை போடுவா?”

வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். “அந்த வஜ்ரநாகினி...”

“படிச்சேன். மொதல்ல கோவந்தான் வந்துச்சு. இட்லித் தட்டுக் கழுவ விட்டது அதுக்குத்தான். அப்புறம் திரும்பப் படிச்சேன். நான் எப்படிக் கதவு சாத்துவேன், எப்பப் பேச்சை நிறுத்துவேன், எல்லாம் இருந்துச்சு. நீங்க என்னைய நிமிந்தே பாக்குறதில்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க. இம்புட்டுப் பாத்துருக்கீங்க.”

அவள் கண் கலங்கியது. எனக்கும்தான். இருபத்தேழு வருஷத்தில் அவள் வாயால் எனக்குக் கிடைத்த முதல் நல்ல விமரிசனம். சந்தோஷம் தாங்காமல் நானும் ஒரு வடையை எடுத்தேன். நிஜமாகவே உப்பு கம்மி.

“நான் எழுதுன அஞ்சு பொய்யில நாலைத்தானே பிடிச்ச, எதை விட்ட?”

“மொதல் வாசகி நான்தானே. அது எப்படிப் பொய்யாகும்?”

கையெழுத்துப் போட்டேன். பெரிய பாரம் இறங்கியது. நாளை முதல் அடுப்படி, பரண், இட்லித் தட்டு, அவனியாபுரம் எல்லாவற்றிலிருந்தும் விடுதலை. காலை நீட்டி உட்கார்ந்து, “ஒரு காபி போடேன் வசு,” என்றேன்.

அவள் நிதானமாக ஃபைலில் என் தன்குறிப்பைப் புரட்டி, மற்ற இரண்டு பாகமும் எழுதுவேன் என்று நான் சத்தியம் செய்த வரியில் விரலை வைத்தாள்.

“நீங்களே போடுங்க. இன்னும் ரெண்டு பாகம் இருக்குல்ல.”