ஆமென் சொல்வதற்குள் அறுந்த பெல்ட்

தக்கலை,
1934 செப்டம்பர் 19

கர்த்தருக்குள் பிரியமான தம்பி சுந்தரராஜுக்கு அண்ணன் ஞானையன் எழுதுவது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நீயும் உன் வீட்டாரும் தேவகிருபையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணி செல்லபாயும் மகள் ராகேலும் சுகம். நானும் சுகம் என்று வழக்கத்துக்காக எழுதுகிறேன். உண்மையில் ஆறு நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறேன், காரணம் நீ.

ராகேல் நிச்சயத்துக்கு வேட்டிமேல் கட்டிக்கொள்ள ஒரு தோல் பெல்ட் அனுப்பினாயே, யாருடைய இடுப்பை நினைத்து வாங்கினாய்? என்னை ஒரு சுற்றுச் சுற்றி மிச்சம் முழங்கால்வரை தொங்கியது. கோட்டாற்றில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. நீயோ, "கொக்கியைக் கழற்றி அந்தப் பக்கம் வெட்டித் தைத்துக்கொள், துளைப் பக்கத்தைத் தொடாதே, வீட்டிலேயே செய்யலாம்" என்று பெரிய துரை மாதிரி எழுதியிருந்தாய். முப்பது வருஷம் மிஷன் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு இது தெரியாதா என்று நானும் இறங்கினேன். அன்றைக்குச் சபையில் உபவாச ஜெபம், காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. உன் அண்ணி, "வயிறு ஒட்டிக் கெடக்கு, நாளைக்கு சோறு தின்னுட்டு அளந்தா என்ன?" என்றாள். நான் கேட்பேனா? சணல் கயிற்றால் அளந்து, அரிவாள்மணையில் வைத்து வெட்டிவிட்டேன். மறுநாள் கஞ்சி குடித்துவிட்டுக் கட்டினால் கடைசித் துளையில்தான் ஏறியது, மூச்சு பாதிதான் இறங்கியது. இருந்தாலும் ராகேல் மெழுகு நூலால் கொக்கியை அழகாகத் தைத்திருந்தாள். தலையணைமேல் ஊசி குத்தி லேஸ் பின்னுகிற கை அல்லவா. நானும் உன் அண்ணியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை.

நிச்சயத்தன்று பையனின் அப்பா முத்துநாயகம், அம்மா தங்கபாய், இன்னும் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அந்தத் தங்கபாய் அம்மாள் போன மாதம் பெண் பார்க்க வந்தபோதே, "கல்யாணத்துக்கப்புறம் இந்த லேஸ் வேலை எல்லாம் வேண்டாம், எங்க வீட்டுல பெண்பிள்ளையள் தலையாணியும் ஊசியுமா இருக்கதில்ல" என்றவர். நல்ல இடம், விட மனசில்லை, சரி என்று நானும் தலையாட்டியிருந்தேன். உபதேசியார் சத்தியநேசனை ஜெபத்துக்கு எழுப்பினோம். அந்த மனுஷன் ஜெபத்தை ஆதாமில் தொடங்கி ஒவ்வொரு தீர்க்கதரிசியாக விசாரித்துக்கொண்டுதான் வருவார் என்பது உனக்குத் தெரியும். சோறு ஆறிப்போகுமே என்று, "இன்னைக்குக் கொஞ்சம் சுருக்கும்வே" என்று காதில் சொல்லிவைத்தேன். எல்லாரும் எழுந்து கண்ணை மூடினோம். உபதேசியார் நோவாவை எட்டுவதற்குள் என் இடுப்பில் டப்பென்று ஒரு சத்தம். கொக்கி தரையில் விழுந்து உருண்டது. பெல்ட்டை நம்பி வேட்டியை இறுக்கிக் கட்டவில்லை, அதுவும் கூடவே இறங்கிவிட்டது. ஊரே கண்ணை மூடியிருக்கிறது, குனிந்து எடுத்துவிடலாம் என்று குனிந்தேன் பார், வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனுஷன் நோவாவோடு நிறுத்தி ஆமென் சொல்லிவிட்டார். அத்தனை ஜோடிக் கண்ணும் ஒன்றாகத் திறந்தன. உன் அண்ணி தைத்த கோடு போட்ட நிக்கரோடு நான் நின்றேன். தங்கபாய் அம்மாள், "சம்பந்தம் பேசுத இடத்துல வேட்டி நிக்காத வீடு நமக்கு வேண்டாம்" என்று எழுந்தார், பதினாலு பேரும் கை நனைக்காமல் போனார்கள். அந்தச் சோற்றையும் கறியையும் நாங்கள் மூன்று பேர் இரண்டு நாள் தின்றோம். இப்போது கடைத்தெருவில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் முதலில் இடுப்பைத்தான் பார்க்கிறார்கள். என் மகள் வாழ்க்கையை உன் ஒற்றைப் பெல்ட் கெடுத்துவிட்டது. இனி எனக்கு நீ ஒரு கைக்குட்டைகூட அனுப்ப வேண்டாம்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் கர்த்தர் நீண்ட ஆயுசையும், ஆளின் அளவு தெரிந்து சாமான் வாங்குகிற புத்தியையும் தந்தருளுவாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஞானையன்

பி.கு.: தபாலில் சேர்க்கக் கொடுத்தேன், ராகேல் வாசித்துவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்தாள். "சித்தப்பாவை ஏசாதுங்கப்பா. நீங்க இழுத்துப் பாத்த பொறவு மெழுகு நூலைப் பிரிச்சுட்டு மெல்லிசு லேஸ் நூல் வச்சுத் தைச்சது நான்தான்" என்றாள். "ஏட்டி, எதுக்கு?" என்றேன். "ஒரு மாசமா உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச வந்தேன், நின்னு கேட்டியளா? உபதேசியார் ஜெபம் ஒரு மணிக்கூறு போகும். பெல்ட் அறுந்தா வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே வருவிய, எனக்கு இந்த இடம் வேண்டாம்ணு அங்க வச்சு சொல்லலாம்ணு இருந்தேன். ஜெபத்தை நீங்க சுருக்கச் சொல்லுவியன்னு நான் கண்டனா?" என்றாள். மேலே உன்னை ஏசியதையெல்லாம் என்னை ஏசியதாக மாற்றி வாசித்துக்கொள். பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராகேல் அதை மறுபடி மெழுகு நூலால் தைத்து, லேஸ் தலையணையைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறாள். அதற்கு அளவு சரியாக இருக்கிறது.