அண்ணி துவைத்த மெமரி கார்டு

வான்காயோ சந்தை, சூப் கடை பெஞ்சு
அக்டோபர் மாதம்

மரியாதைக்குரிய அண்ணி செனோவியாவுக்கு,

உங்கள் தம்பி தியோபிலோவை இழந்து நிற்கும் எர்மெலிந்தா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம், பசு நலம், நாய்க்கு மட்டும் காலில் முள். லீமாவில் நீங்களும் உங்கள் மூட்டு வலியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என் முறை வருவதற்குள் நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தில்தான் உங்களால் குறுக்கே பேச முடியாது.

உங்கள் தம்பியின் படத்தை நான் ஒளித்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறேனாம், சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்கிறீர்களாம். அண்ணி, கேமராவும் கையுமாக ஊரில் ஒரு கல்யாணம் விடாமல், ஒரு ஞானஸ்நானம் விடாமல், ஒரு காளை மாடு விடாமல் படம் பிடித்த மனுஷன், தன்னை ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லை. அடையாள அட்டையில் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி. ஜூலை மாதம் சந்தியாகோ திருநாளுக்குக் கன்றுகளின் காதில் ரிப்பன் கட்டினோமே, நீங்களும் வந்திருந்தீர்களே, வந்ததும் வராததுமாகக் கேமராவைப் பிடுங்கி மாடுகளை எல்லாம் கோணல் கோணலாக எடுத்துத் தள்ளினீர்களே, அன்றைக்குச் சாயங்காலம் முதல் தடவையாக என் கையில் கேமராவைக் கொடுத்தார். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இங்க அமுக்கு" என்றார். அமுக்கினேன். அந்த ஒரே ஒரு படம்தான். பிரிண்ட் போடுவதற்காகக் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக் கம்பளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நவம்பரில் இறந்தவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாளில், மேசையில் அவர் படம் வேண்டும். இல்லாவிட்டால் மனுஷன் யார் வீட்டு மேசையில் போய் உட்காருவார்?

இப்போது, அவர் போன ஐந்தாம் நாள் நீங்கள் காட்டிய பாசத்துக்கு வருகிறேன். போனவரின் துணியை ஆற்றில் அலச வேண்டும், அந்த வேலை மாப்பிள்ளைமார்களுடையது, பெண்டாட்டிக்காரி கரையில் உட்கார வேண்டும், அதுதான் நம் வழக்கம். நீங்களோ லீமாவில் வாங்கிய பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மன்தாரோ ஆற்றில் இறங்கினீர்கள். அந்தக் கோட்டைப் பிடுங்கி, "என் தம்பி அழுக்கோட போகக் கூடாது"ன்னு அழுதுகிட்டே கல்லுல அந்த அடி அடிச்சீங்க. பையைப் பாருங்க அண்ணி, பையைப் பாருங்கன்னு நான் கரையிலிருந்து கத்தினேன். பாவம், துக்கத்தில் என்னென்னவோ உளறுகிறாள், அவளுக்கு இன்னொரு மடக்குச் சாராயம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, நீங்கள் மறுபடியும் சோப்புப் போட்டீர்கள். கோட்டைப் பிழிந்தபோதுதான் கார்டு விழுந்தது. இவ்வளவு சுத்தமான மெமரி கார்டு இந்த மலையில் வேறு யாரிடமும் கிடையாது.

அதற்கப்புறம் ஆளுக்கு ஒரு வைத்தியம். அரிசியில் புதைத்து வை, ஈரத்தை இழுக்கும் என்றார்கள். வீட்டில் கீன்வா தானியம்தான் இருந்தது, அதில் புதைத்தேன். கீன்வா ஈரத்தை இழுத்ததோ இல்லையோ, ஒரு மணி கார்டுக்குள் போய்க் குடியேறிவிட்டது. மருந்துக்காரி பாசிலியாவிடம் கொண்டு போனேன். அவள் கினிப்பன்றியைக் கையில் பிடித்துக் கார்டின் மேல் மூன்று தடவை தேய்த்தாள், பன்றி கத்தியது, உடனே நோய் தெரிந்துவிட்டது அவளுக்கு. குளிர்ந்த தண்ணீரில் கார்டு பயந்துவிட்டதாம், அதன் உயிர் ஆற்றிலேயே நின்றுவிட்டதாம், கரையில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். போனேன். கார்டுக்கு ஏது பேர்? அதனால் உங்கள் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கூப்பிட்டேன்.

பிறகு ஹவுஹாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வில்பரிடம் போனேன். உங்கள் வயசு ஆள், தலையில் ஜெல் மட்டும் பதினெட்டு வயசுக்காரனுடையது. கார்டைச் சொருகினான். படிக்க முடியவில்லை என்றது கம்ப்யூட்டர். நானும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதற்காக அதன் மேல் எனக்குக் கோபமில்லை. வில்பர்தான் திரும்பிப் பார்த்தான்.

"ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது அக்கா. ஆமான்னு அமுக்கிடவா?"

"அமுக்கினா என்ன ஆகும்?"

"உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். அப்புறம் பாருங்க, கார்டு புதுசு மாதிரி ஓடும்."

நோயாளியைப் புதைத்துவிட்டால் காய்ச்சல் நின்றுவிடும் என்கிற வைத்தியம் இது. அவன் கையைத் தட்டிவிட்டு கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். சுத்தம் செய்வதில் அவனுக்கு இருக்கும் ஆசையைப் பார்த்தால், உங்கள் கூடப் பிறந்திருக்க வேண்டியவன்.

இன்று காலை வான்காயோவுக்கு பஸ் ஏறினேன். இங்கே யெசேனியா என்று ஒரு பெண் கேமரா பழுது பார்க்கிறாள். பூதக்கண்ணாடியில் பார்த்து, ஊசியால் கீன்வாவை வெளியே எடுத்து, சமையலா செய்தீர்கள் என்று கேட்டாள். நாத்தனார் செய்தது சலவை, சமையல் மட்டும்தான் என்னுடையது என்றேன். மஞ்சள் தகடுகளில் பிடித்திருந்த பாசியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். இப்போது கம்ப்யூட்டருக்கு கார்டு இருப்பது தெரிகிறது, ஆனால் திறக்கவில்லை. "இதுல எதையும் எழுதவும் கூடாது, அழிக்கவும் கூடாது. உள்ள இருக்கறதை அப்படியே நகல் எடுத்து, அந்த நகல்லதான் தேடணும். வந்தா உங்க அதிர்ஷ்டம். சாயங்காலம் வாங்க" என்று அனுப்பிவிட்டாள். அதுவரைக்கும் இந்த பெஞ்சில் உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அண்ணி, நவம்பருக்கு நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். மேசையை நானே போட்டுக்கொள்வேன், மேசை விரிப்பையும் நானே துவைத்துக்கொள்வேன். இத்துடன் பஸ்ஸில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அனுப்புகிறேன், மண்ணோடுதான் இருக்கும், உங்களுக்குக் கழுவப் பிடிக்குமே என்று விட்டுவைத்தேன். கன்னி மரியாள் உங்கள் மூட்டு வலியைக் குணமாக்கட்டும், மறுபடி ஆற்றில் இறங்குகிற அளவுக்கு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
எர்மெலிந்தா

பின்குறிப்பு: சாயங்காலம் போனேன். படங்கள் வந்துவிட்டன. நான் எடுத்த படமும் வந்தது. அவர் சொன்னபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அமுக்கியிருக்கிறேன். படம் முழுக்க என் கட்டைவிரல். பக்கத்தில் கொஞ்சம் வானம் தெரிகிறது.

உங்கள் மாட்டுப் படங்களும் வந்தன. ஒன்றில் நீங்கள் காளையை எடுக்கப் போயிருக்கிறீர்கள். காளையின் வால் மட்டும்தான் படத்தில் விழுந்திருக்கிறது. மீதி முழுக்க அவர். தொப்பி இருக்கிறது, கால் இருக்கிறது, கழுத்தில் ரிப்பன் தொங்குகிறது, உங்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். யெசேனியா பெரிதாகவே பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள், மடியில்தான் வைத்திருக்கிறேன். இவ்வளவு எழுதிய காகிதத்தைக் கிழிக்க மனசு வரவில்லை, அதனால் மேலே உள்ளதையும் அனுப்புகிறேன், நீங்கள் கீழே இருந்து படியுங்கள்.

நவம்பருக்கு வந்துவிடுங்கள். அன்றைக்கு மேசையில் வைக்கிற குழந்தை உருவ ரொட்டியை லீமாவில் நன்றாகச் சுடுவார்களே, இரண்டு வாங்கி வாருங்கள். என்னோடு இத்தனை வருஷம் இருந்தவர், அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவரிடம் என்ன சொன்னீர்கள் அண்ணி? வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன்.