பயந்தாங்கொள்ளி கேப்டனும் பூக்கூடையும்

பறப்பதற்குப் பயப்படுகிற பைலட் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். தெரு அவருக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி கேப்டன். கல்யாண மாப்பிள்ளை, தேர்தல் தலைவர் என்று யார் வாடகைக்குக் கூப்பிட்டாலும் ஹெலிகாப்டர் ஓட்டப் போவார். ஆனால் ஏறும் முன்பே அவருக்கு இறங்குகிற கவலை வந்துவிடும்.

அவரோடு பஸ்ஸில் போவது பெரிய ரோதனை. ஜன்னலோரம் உட்கார்ந்து, "இங்கன இறக்கலாம். இது வாழை, ஆகாது. அங்கன கரண்டுக் கம்பி கிடக்கு" என்று சேரன்மாதேவி வரை முணுமுணுப்பார். ஒருநாள் கண்டக்டர் பொறுக்க முடியாமல், "அண்ணாச்சி, ஸ்டாப் வந்தா நானே இறக்கி விடுதேன், சும்மா வாரும்" என்றார்.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

"மேல போகும்போது இன்ஜின் நின்னுட்டுன்னா, அப்புறம் இடம் தேட நேரம் கிடையாதுவே. முன்னமே பாத்து வச்சிருக்கணும்" என்றார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். களக்காட்டுப் பக்கம் ஒரு கோயில் குடமுழுக்கு. வானத்திலிருந்து பூத்தூவ கேப்டனை அமர்த்தியிருந்தார்கள். கூடையைக் கவிழ்க்க ஓர் ஆள் வேண்டுமாம். எழுத விஷயம் கிடைக்குமே என்று புத்தி கெட்டுப்போய்ச் சம்மதித்தேன்.

ஏறுமுன் என்னையும் கூடைகளையும் மளிகைக்கடைத் தராசில் ஏற்றினார். "பூவுல தண்ணி தெளிச்சிருக்கானுவ, கனம் கூடிட்டு" என்று இரண்டு கூடைகளைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற கோயில் தர்மகர்த்தாவுக்கு முகம் மாறியது.

"கலசத்துக்கு நேர் மேல தாழ வந்து, ஒரு நிமிஷம் அசையாம நின்னு கொட்டணும்வே."

"மாட்டேன்."

"ஊரே பாத்துக்கிட்டு நிக்குல்லா?"

"ஒசரம் இருக்கணும், இல்லேன்னா வேகம் இருக்கணும். ரெண்டும் இல்லாம நிக்கும்போது இன்ஜின் போச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. நேரே உம்ம கோபுரத்து மேலதான்."

"இப்படிப் பயந்தா எதுக்குவே இந்த வேலைக்கு வந்தீரு?"

"தெரியாம வந்துட்டேன்" என்றார் கேப்டன்.

உயரத்தில், வேகமாகவே போனோம். நான் கொட்டிய பூவில் ஓர் இதழ்கூடக் கலசத்துக்குப் போய்ச் சேரவில்லை. பாதி டீக்கடைக் கூரைக்கு, மீதி குளத்தில் கிடந்த எருமைகளுக்கு. கீழே தர்மகர்த்தா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். வாழ்த்துகிறார் என்று நினைத்து நானும் கையாட்டினேன்.

இரண்டாம் சுற்றுக்குத் திரும்பும்போது இன்ஜின் நின்றது.

அவ்வளவு நேரம் காதைப் பிளந்த சத்தம் அடங்கி, ஓர் அலாரம் மட்டும் கத்தியது. கேப்டன் இடது கைப்பக்கம் இருந்த நெம்புகோலை அடியோடு கீழே அழுத்தினார். வண்டி கீழே போனது. என் குடல் மேலேயே நின்றுவிட்டது. மனுஷன் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அண்ணாச்சி, தூக்குங்க" என்றேன்.

"தூக்குனா இறக்கை நின்னுரும். கீழ போகும்போது வார காத்துதான் இப்ப அதச் சுத்துது. பைய இரும்."

பதறாமல் இருப்பதாவது! சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் என் மகள் எனக்காக நிற்பாளே என்று நினைத்தேன்.

"தென்னை. கம்பி. அந்தா, அறுத்த வயலு" என்றார் கேப்டன்.

தரை எங்களை நோக்கி ஏறி வந்தது. மோதப்போகிறோம் என்று கண்ணை மூடுவதற்குள் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்றார். பிறகு, இறக்கையில் மிச்சமிருந்த சுற்றை நம்பி நெம்புகோலை மேலே இழுத்தார். தொம்மென்று வயலில் உட்கார்ந்தோம்.

மிச்சக் கூடைகள் கவிழ்ந்து தலை முதல் கால் வரை எனக்குப் பூ. ஓடிவந்த வயல்காரர் என்னைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ பாவம், அதுக்குள்ள பூவும் போட்டாச்சே" என்றார்.

எனக்கே சந்தேகம்தான். தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

கேப்டன் வரப்பில் குந்தியிருந்தார். மேலே இருந்தபோது அசையாத கைகள் இப்போது வெடவெடவென்று ஆடின. பிடித்துக்கொண்டேன், என் கையும் சேர்ந்து ஆடியது.

"இவ்வளவு பயத்த வச்சுக்கிட்டு எப்படி அண்ணாச்சி பறக்கீங்க?"

"தனியாப் போனா பயமே கிடையாதுவே" என்றார். "பக்கத்துல ஆளு ஏறுனாத்தான். நம்மள நம்பி ஒரு உசிரு வந்து உக்காந்திருக்கேன்னு இருக்கும்."

இப்போதும் பறக்கிறார். அவர் கிளம்பிப் போகிற நாளில், பத்திரமாகத் தரை தொட்டுவிட்டேன் என்று போன் வரும்வரை எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.