ஒன்பது படியும் ஒரு நொண்டிக் கோழியும்

மைசூரில் மகாராஜாக்களுக்கு அடுத்தபடியாக வம்சாவளியைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர் எங்கள் போனபாகம் அண்ணன்தான். மகாராஜாக்களாவது சொந்த வம்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். இவர் கவலைப்பட்டது ஒரு வீடியோ கேமில் வரும் கோழியைப் பற்றி.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டையில் இருந்திருக்கும். ஹெப்பாளில் நாங்கள் பதினான்கு பேர் தங்கியிருந்த பி.ஜி.யில் அதை யாரும் கேட்டதில்லை. கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துக்காரர், நாற்பதைத் தொட்டவர், நான் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். நீலச் சட்டையும் முன்வழுக்கையும்தான் அடையாளம். எதைப் பார்த்தாலும் "இது போன பாகத்துலயே வந்துருச்சுங்" என்பார். அதனால் போனபாகம்.

அந்த கேமுக்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர் உண்டு. நாங்கள் 'கோட்டை' என்றே சொல்வோம். கையில் விளக்கோடு ஒருவன் ஊர் ஊராகப் போய்க் கோட்டைகளைப் பிடிப்பான், அவ்வளவுதான் கதை. அதில் எட்டு பாகங்கள் வந்திருந்தன. பி.ஜி. ஹாலில் இருந்த டிவியில் தன் கேம் பெட்டியை மாட்டி, எட்டையும் அண்ணன் கரைத்துக் குடித்திருந்தார். கோட்டை பிடிப்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. ஒவ்வொரு பாகத்திலும் பழைய பாகத்தின் அடையாளம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் அவர் வேலை. முதல் பாகத்தில் உடைந்த பானை நான்காம் பாகத்துச் சந்தையில் ஒட்டுப்போட்டு விற்பனைக்கு வரும். இரண்டாம் பாகத்துப் பாலக் காவலாளி ஏழாம் பாகத்தில் தாடி நரைத்து நிற்பார். எல்லாவற்றுக்கும் மேல் அந்த நொண்டிக் கோழி. முதல் பாகத்தைச் செய்தவர்கள் எங்கோ கைத்தவறு செய்துவிட, கிராமத்துக் கோழி ஒன்று காலை இழுத்து இழுத்து நடந்தது. அடுத்த பாகத்தில் அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பாகத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு மூலையில், அது நொண்டிக்கொண்டு போகும்.

நான் பி.ஜி.க்கு வந்த புதிதில், தெரியாத்தனமாக ஐந்தாம் பாகத்தைத் தொட்டுவிட்டேன்.

"தம்பி, முதல் பாகம் முடிச்சீங்களா?"

"இல்லண்ணா, இது பார்க்க நல்லா இருக்கேன்னு..."

"தாத்தன் பேரு தெரியாம பேரன் கண்ணாலத்துல பந்தியில உக்காந்துக்குவீங்களா?"

"சாப்பாடு நல்லா இருந்தா உட்காருவேண்ணா."

கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார். மூன்று வாரம் முதல் பாகம் ஆடினேன். அதில் மாவீரன் என்பவன் ஏழு சதுரக் கட்டங்கள், கோழி ஒற்றைச் செருப்பு மாதிரி இருக்கும். எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் மட்டும் மனிதர் வாயைத் திறக்கமாட்டார். "நானே சொல்லிப்போட்டா அது வெறும் சேதிங். நீங்களா கண்டுபுடிச்சாத்தான் அது உங்களுக்கு வெச்சது" என்பார்.

கேமோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மெஸ்ஸில் உப்புமாவைக் கிளறி, "நேத்துப் பொரியல்ல இருந்த பீன்ஸு இன்னைக்கு கௌரவ வேசத்துல வந்துருக்குது பாருங்" என்பார். தொழிற்சாலையில் மேனேஜர் வருடாந்தரப் பேச்சை ஆரம்பித்ததும், அடுத்த வாக்கியத்தை அண்ணன் அவருக்கு முன்பே முணுமுணுத்து முடித்தார். மேனேஜர் முறைத்தார். "நல்ல வசனம்னா திரும்பத் திரும்ப வரோணுங் சார்" என்றார் அண்ணன். கொள்ளேகாலுக்குப் பெண் பார்க்கப் போன கதை இன்னும் மோசம். பெண் அந்த வீட்டின் இரண்டாவது மகள் என்று தெரிந்ததும், "மொதல்ல பெரியவங்களப் பாத்துட்டா இவங்களப் புரிஞ்சுக்கச் சுளுவா இருக்குமுங்" என்றிருக்கிறார். பெரியவள் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள். பஜ்ஜி தட்டுக்கு வருமுன் அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டார்.

ஒன்பதாம் பாகம் நவராத்திரிக்கு ஐந்து நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அண்ணன் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, டிவிக்கு ஊதுபத்தி காட்டி உட்கார்ந்தார். நாங்கள் பதின்மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால், பி.ஜி.யை நடத்தும் ஓனரக்கா கொலு பொம்மைப் பெட்டியை இறக்கிவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஓனரக்காவின் கொலுவும் அந்த ஹாலில்தான் நடக்கும். கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லை. எங்கள் லேஅவுட்டில் கொலுப் போட்டி உண்டு. ஆறு வருடமாக அக்காவுக்கு இரண்டாம் பரிசு. இரண்டாம் பரிசு என்றால் ஃபிளாஸ்க். சமையலறையில் ஆறு ஃபிளாஸ்க் வரிசையாக நிற்கும்.

திரையில் பாலம் வந்தது. தாடிக் காவலாளி வந்தார். அவருக்குப் பின்னால், புதருக்குள்ளிருந்து, ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும்படி, காலை இழுத்துக்கொண்டு அது வந்தது.

"கோழீ!" என்று அண்ணன் துள்ளி எழுந்து பின்னால் பாய்ந்தார். சிமெண்டுத் தரையில் மர பொம்மை விழும் சத்தம் கேட்டது.

அக்காவின் ராணி. பட்டத்து பொம்மைகளான ராஜா ராணியை அவருடைய அம்மா கல்யாணத்தன்று கையில் கொடுத்தாராம். கொலுவே அந்த ஜோடியிலிருந்துதான் தொடங்கும். ராணியின் இடது கை முழங்கைக்கு மேலே ஒடிந்து, சோபாவுக்கு அடியில் கிடந்தது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஆயித்து, முடிஞ்சுது. கை இல்லாத ராணிய வச்சு எப்படி வைக்கிறது? இந்த வருஷம் பொம்பெ பேடா, கொலு வேண்டாம்" என்றார். கல்யாணம் முதல் அறுபடாமல் வந்த கொலு அன்று அறுந்துவிடும் போலிருந்தது. பிறகு அண்ணனைப் பார்த்து, "நீ ஹப்பத்துக்கு முன்னாடி ரூம் காலி பண்ணு" என்றார். ஹப்பம் என்றால் பண்டிகை, ஐந்தே நாள் இருந்தது.

அடுத்து அண்ணன் செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், இல்லையென்றால் நம்பியிருக்கமாட்டேன். டிவி அருகே போய், ஒன்பதாம் பாகத்தை சேவ் செய்யாமல் அணைத்தார். சோபாவுக்கு அடியில் குனிந்து அந்தச் சின்னக் கையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

மாலையில் ராணியோடு வந்தார். கையை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் மெல்லிய தாமிரக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, வங்கி நகை மாதிரி ஆக்கியிருந்தார்.

"அக்கா, ரூம் நான் காலி பண்ணிக்கறனுங். கொலுவ நிறுத்தாதீங்க. அந்தக் கோழி நொண்டுனது கைத்தப்புதானுங். அத மூடி மறைக்காம கூடவே கூட்டியாந்தாங்க. ஒம்போது பாகமா சனங்க அதத்தான் தேடி ஓடி வருது."

அக்கா பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வங்கி ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கு. சரியா பண்ணு" என்றார். அதுதான் சம்மதம்.

அதற்குப் பிறகு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. அக்காவை உட்காரவைத்து, எந்த பொம்மை எந்த வருடம் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதினார். எல்லாருக்கும் தெரிந்த வரிசை வேண்டாம், வந்த வரிசையில் வைப்போம் என்றார். ஒன்பது படி வேண்டும் என்றார். அக்காவிடம் இருந்தது ஐந்து. மிச்சத்துக்கு எங்கள் கட்டில் பலகைகள் போயின. அந்தப் பத்து நாளும் ஏழு பேர் தரையில் படுத்தோம், என்னையும் சேர்த்து.

மேல்படியில் கலசமும் ராஜா ராணியும் மட்டும். இரண்டாம் படியில் அக்கா தனிக்குடித்தனம் வந்தபோது வாங்கிய செட்டியார் கடை. மூன்றாவதில் மகள் பிறந்த வருடத்துத் தொட்டில். ஆனால் செட்டியார் கடையில் இல்லை, ஒரு படி இறங்கித் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"செட்டியார் ஏன் இங்க நிக்கிறார்?" என்றார் அக்கா.

"கொழந்தை பாக்க வந்துருக்காருங்."

தொட்டில் குழந்தை நான்காம் படியில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஐந்தாம் படிக் கல்யாண ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தார். இப்படியே ஒவ்வொரு படியிலும் மேல்படி ஆள் ஒருவர் வந்து தலைகாட்டினார். வருடத்துக்கு ஒரு புது பொம்மையாவது வேண்டும் என்பது கொலுவின் சம்பிரதாயம். அதற்கு அண்ணனே களிமண்ணில் ஒரு கோழி பிடித்து, கடைசிப் படியின் மூலையில் வைத்தார். அதன் ஒரு காலில் தாமிரக் கம்பி.

நடுவராக வந்தவர் ஒரு ஓய்வு பெற்ற பிரின்ஸிபல் மேடம். வீட்டுக்குப் பத்து நிமிடம்தான் என்பதில் கறார். எங்கள் கொலுவைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இதேனு, வரிசையே இல்லையே? கடையில செட்டியாரக் காணோம்?" என்றார். அக்கா முகம் செத்துவிட்டது. நான் அண்ணன் விலாவில் இடித்தேன். "சொல்லுங்கண்ணா, வாயத் திறங்க!" அண்ணன் கைகட்டி நின்றார். ஏழாவது ஃபிளாஸ்க் என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

மேடம் திரும்பும்போது குனிந்தார். "இந்தக் கோழிக்கு ஏன் கால்ல கம்பி?"

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலே பார்த்தார். கண்ணாலேயே ஒவ்வொரு படியாக ஏறினார். "வாத்தியார் இங்க... அந்தப் பாப்பாவா பெஞ்சில? அட, செட்டியார் இங்க இருக்காரே!" விரல் நீட்டிக்கொண்டே உச்சிப்படிக்குப் போனவர், ராணியின் கையில் அதே தாமிரத்தைக் கண்டதும் கைதட்டிவிட்டார். "இது முழுக்க உங்க கதையா?" என்று அக்காவைக் கேட்டுவிட்டு, அந்த அம்மாள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை சுண்டல் சாப்பிட்டார். அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு வருடமாகச் சொன்னார். அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒன்பதாம் பாகத்துக் கோழியைக் கண்டபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இல்லை.

முதல் பரிசு எங்களுக்கு! மைக்கில் அக்காவின் பெயரைச் சொன்னதும் பதின்மூன்று பேர் விசிலடித்தோம். அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு லேஅவுட்டை ஒரு சுற்று வந்தோம். தசரா யானை ஊர்வலமான ஜம்பு சவாரி தோற்றது. முதல் பரிசும் ஃபிளாஸ்க்தான், சற்றுப் பெரியது. "இது போன பாகத்துலயே..." என்று அண்ணன் ஆரம்பித்தபோது அக்காவே அவர் வாயைப் பொத்தினார்.

மறுநாள் அக்கா ஹாலுக்கு வந்தார். "ஹப்பத்துக்கு முன்னாடி காலி பண்ணச் சொன்னேன். ஹப்பமே முடிஞ்சுது. இன்னும் ஏன் இருக்க?"

"ஒம்போதாம் பாகத்த சேவ் பண்ணலீங் அக்கா. மொதல்ல இருந்து ஆடோணும்."

"அப்ப தள்ளி உட்காரு. அந்தக் கோழிய நானும் பார்க்கணும்."

அண்ணன் கன்ட்ரோலரை மார்போடு அணைத்துக்கொண்டார். "முதல் பாகம் முடிச்சீங்களா?"

அக்கா முடித்தார். நான்கு மாதம் ஆயிற்று. பல நாள் மெஸ்ஸில் சாம்பார் தீய்ந்தது, யாரும் வாய் திறக்கவில்லை.

கல்யாணமாகி நான் மைசூரிலேயே மண்டி மொஹல்லாவுக்கு வந்துவிட்டேன். நவராத்திரிக்கு மட்டும் தவறாமல் ஹெப்பாள் போய்விடுவேன். சென்ற முறை கடைசிப் படியில் ஒரு புது பொம்மை இருந்தது. நீலச் சட்டை, முன்வழுக்கை, மணிக்கட்டில் ஒரு சுற்றுத் தாமிரக் கம்பி. நான் வாயைத் திறக்குமுன் அக்கா உதட்டில் விரலை வைத்தார். பத்து நாளும் அதற்கு ஒரு முழம் தள்ளி நின்று எல்லாரையும் வரவேற்ற மனிதர், கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

சொல்லக்கூடாது என்பது அண்ணனுடைய சட்டம். எனக்குப் பொறுக்கவில்லை, அக்கா மன்னிக்க வேண்டும். அண்ணா, இந்த வருடம் கோழிக்கு வலப்பக்கம் பாருங்கள். அது உங்களுக்கு வைத்தது.